நடுநிலைப் பள்ளி நூலகம்

நடுநிலைப் பள்ளி நூலகம் என்பது எட்டாம் வகுப்பு வரையுள்ள பள்ளியில் மாணவர், ஆசிரியர் பயன்பாட்டுக்கென அமைந்த நூல் தொகுப்பும் அதை வழங்கும் ஏற்பாடும் ஆகும். கதை, அறிவியல், வரலாற்று நூல்கள் இரவல் தரப்படும். அகராதி, கலைக்களஞ்சியம், நிலப்படநூல் போன்ற நோக்கு நூல்கள் பெரும்பாலும் அங்கேயே பார்க்கப்படும்.

ஒவ்வொரு நூலும் சேர்க்கைப் பதிவேட்டில் எண் பெறும். பெரிய தொகுப்புகளில் 1876இல் மெல்வில் தூயி வெளியிட்ட பதின்மப் பகுப்பு பயன்படுகிறது; அதில் நாட்டுப்புறக் கதைகளுக்கு 398.2, தமிழ் இலக்கியத்துக்கு 894.811. இவ்வெண் நூலின் முதுகில் ஒட்டப்படும். குறிப்பிட்ட செய்தியைத் தேடும் மாணவருக்குப் பொருளடக்கத்தைவிட நூலின் இறுதியிலுள்ள சொல்லடைவே விரைவில் வழிகாட்டும். எடுத்துக்காட்டாக, ‘சதுப்புநிலம்’ என்ற சொல் அங்கு இல்லையெனில் ‘நீர்நிலை’ என்ற விரிந்த சொல்லிலோ, ‘பள்ளிக்கரணை’ எனும் ஒரு சதுப்புநிலத்தின் பெயர் போன்ற குறுகிய சொல்லிலோ தேட வேண்டும். இத்திறன் பாடநூலால் மட்டும் வருவதில்லை.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்கிறது. இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், நாளிதழ், பருவ இதழ், கதைநூல் உள்ளிட்டவை கொண்ட நூலகத்தை ஒவ்வொரு பள்ளிக்கும் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் வாசிப்பு இயக்கம் சிறுநூல்களை ‘நுழை’, ‘நட’, ‘ஓடு’, ‘பற’ என வாசிப்புத் திறன்வாரியாகப் பகுத்தது. தனி நூலகர் இல்லாத பள்ளிகளில் ஆசிரியர் ஒருவரே கூடுதல் பொறுப்பேற்கிறார். நூல்கள் பூட்டிய அலமாரியில் தங்கிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.