27 சிறுமியர்

பாராமகால் என்று வழங்கிய தருமபுரிச் சீமை, 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானின் கையினின்றும் கம்பெனியாரிடம் சென்றது. வரித்திட்டம் வகுக்க அலெக்சாண்டர் ரீடின் கீழ் அங்கு வந்தவர்களுள் ஒருவர் தாமஸ் மன்றோ. ஏறத்தாழ ஏழாண்டுகள் ஊர் ஊராக நடந்து, குடியானவர்களோடு பேசிப் பழகிய அவர் 1820இல் சென்னை மாகாணக் கவர்னரானார். நிலத்தைக் கணக்கிட்ட கை, பின்னர்ப் பள்ளிப் பிள்ளைகளையும் கணக்கிடத் தலைப்பட்டது.

1822 ஜூன் 25ஆம் நாள் அவர் கலெக்டர்களிடம் விவரம் கேட்டார். மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருப்பதாகத் தெரிய வந்தது. மக்கள்தொகையோ 1,28,50,941. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி!

அத்திண்ணைப் பள்ளிகளில் அறிவுள்ள பிள்ளையை அடையாளம் காண ஒரு வழி இருந்தது. முந்திப் படித்தவனைச் சட்டாம்பிள்ளையாக்கி, இளையவர்க்குக் கற்பிக்கச் செய்தனர். கற்பித்தவனுக்கும் பாடம் உறுதிப்பட்டது. பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்ட ஆண்ட்ரூ பெல், எழும்பூர் அனாதைச் சிறுவர் விடுதியில் இவ்வழிகளைக் கையாண்டு, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்று இங்கிலாந்து அதனைப் போற்றியது. சட்டாம்பிள்ளையின் கதி என்ன? திண்ணைக்கு அப்பால் அவன் ஏறிச் செல்லப் படி ஒன்றும் இல்லை.

அப்படியை அமைக்கவே 1826 மார்ச் 10ஆம் நாள் மன்றோ திட்டம் தந்தார். ஒவ்வொரு ஜில்லாவிலும் இந்துக்களுக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று என இரு தலைமைப் பள்ளிகள். பின்னர்த் தாலுகாதோறும் ஒரு பள்ளி. மறு ஆண்டு ஜூலையில் அவர் காலராவால் மாண்டார். 1836இல் திட்டமும் கைவிடப்பட்டது.

அக்கணக்கில் நம்மை நிறுத்தும் எண் ஒன்றுண்டு. தருமபுரி அன்று சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. அந்த ஜில்லா முழுவதிலும் பள்ளி சென்ற முஸ்லிம் சிறுமியர் 27 பேர், திருச்சிராப்பள்ளியில் 56. மலபாரிலோ 1,122! தமிழ்நாட்டு முஸ்லிம் பெண்கள் எழுத்தறியாதிருந்தனர் என்று இதைக்கொண்டு முடிவுகட்டலாகாது. வீட்டில் ஓதி, அரபுத்தமிழ் படித்த பெண்மக்களை எந்தக் கணக்கன் எண்ணினான்? சென்னை நகரில் மட்டும் வீட்டில் கற்றோர் 26,963 என்று பதிவாயிற்று. அது பள்ளி சென்றோரினும் ஏறத்தாழ ஐந்து மடங்கு. ஆயினும் ஏட்டில் ஏறாத அறிவுக்கு உதவித்தொகையும் இல்லை, உத்தியோகமும் இல்லை. இழப்பு அங்கேதான் தொடங்கிற்று.

1965இல் தருமபுரி தனி மாவட்டமாயிற்று. திறன் காணும் தேர்வுகளும் பின்னர் வந்தன. 2008இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தேர்வெழுதுகின்றனர். தேறினால் ஒன்பதாம் வகுப்பு முதல் நான்காண்டுகள், ஆண்டுக்கு 12,000 ரூபாய். தமிழக அரசின் ஊரகத் திறனாய்வுத் தேர்வு மாவட்டந்தோறும் 50 மாணவரையும் 50 மாணவியரையும் தெரிந்தெடுக்கிறது. தொகை ஆண்டுக்கு ஆயிரமே. பெண்மக்களுக்குப் பாதியிடம் விதியாகவே அமைந்திருப்பது, 27 என்ற எண்ணைக் கண்ட நமக்குச் சிறு செய்தியன்று.

ஆனால் நகராட்சிப் பகுதிப் பள்ளிகளுக்கு அத்தேர்வில் இடமில்லை. பாலக்கோட்டுச் சிறுமி எழுதலாம். தருமபுரி நகரத்துப் பள்ளியில் பயிலும் சிறுமி, அவள் தந்தை தள்ளுவண்டி தள்ளுபவராயினும், எழுத இயலாது.