ஃப்ரீ பி.எஸ்.ஏ.

புராஸ்டேட் ஸ்பெசிஃபிக் ஆன்டிஜென் என்பதன் சுருக்கம் பி.எஸ்.ஏ. 'புராஸ்டேட்' கிரேக்கச் சொல். முன்னால் நிற்பவர் என்று பொருள். 'ஸ்பெசிஃபிக்' என்ற நடுச்சொல்தான் பலரை வீணாகக் கலங்கடிக்கிறது. புராஸ்டேட் சுரப்பிக்கு உரியது என்கிறதே தவிர, புற்றுநோய்க்கு உரியது என்று அது சொல்லவில்லை. வயதில் வரும் சாதாரண வீக்கத்திலும், தொற்றிலும்கூட பி.எஸ்.ஏ. ஏறும்.

உறைந்த விந்தை நீர்க்கச் செய்யும் நொதி இது. ரத்தத்தில் கசிந்ததும் பெரும்பகுதியை ஆல்ஃபா-1 ஆன்டிகைமோட்ரிப்சின் என்ற புரதம் பற்றிக்கொள்கிறது. அது கட்டுண்ட வடிவம். எதனோடும் பிணையாமல் திரிவதே 'ஃப்ரீ'. 1991இல் லில்யா, ஸ்டென்மான் ஆகியோரின் ஆய்வுகள் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டின.

புற்றுநோய் இருந்தால் கட்டுண்டதன் பங்கு கூடும், ஃப்ரீயின் பங்கு குறையும். மொத்த பி.எஸ்.ஏ. ஒரு மில்லிலிட்டருக்கு 4 முதல் 10 நானோகிராம் வரை இருந்து, பயாப்சி தேவையா என்று மருத்துவரே யோசிக்கும் நிலையில் மொத்தத்தில் ஃப்ரீ எத்தனை சதவீதம் என்ற விகிதம் பெரிதும் உதவும். 25 சதவீதத்துக்கு மேல் என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு குறைவு. 10 சதவீதத்துக்குக் கீழ் என்றால் அதிகம். ஆகவே, சர்க்கரையைப் போல இதுவும் குறைந்தால் நல்லதுதானே என்று லேப் ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடாதீர்கள்.