இணைய விற்பனைக் கணக்கும் வருமான வரிப் படிவமும்: எந்தத் தொகையை எழுதுவது?

இரணைமடுப் பக்கத்தில் கடை போடாமலே வியாபாரம் செய்யும் இளைஞர்களும் பெண்களும் இன்று பலர். தைத்த உடுப்பு, முருங்கையிலைத் தூள், பனையோலைப் பொருட்கள் என்று டராஸிலும் முகநூலிலும் விற்கிறார்கள். இவர்களில் என்னிடம் படித்தவர்களும் உண்டு. நான் ஆசிரியர்தான், கணக்காளர் அல்ல. ஆனாலும் அவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "சேர், வரிப் படிவத்தில வருமானம் எண்டு எந்தத் தொகையை எழுதுறது?"

பலர் வங்கிப் புத்தகத்தைப் பார்த்து, வந்த காசைக் கூட்டி எழுதிவிட நினைக்கிறார்கள். வங்கிக்கு வந்த காசு விற்பனைத் தொகையும் அல்ல, இலாபமும் அல்ல. இந்த வேறுபாட்டை அறியாவிட்டால், வராத வரியைக் கட்டவும் நேரும். கட்ட வேண்டிய வரியை மறைத்தவர் ஆகவும் நேரும்.

முதலில் சட்டம். 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி மதிப்பீட்டு ஆண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி அடுத்த மார்ச் 31 இல் முடிகிறது. 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபர் நிவாரணம் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா. அதற்கு மேல் வரும் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம். அதன் பின் வீதம் 18, 24, 30 என்று ஏறி 36 இல் நிற்கிறது. இந்த 18 இலட்சம் ஒருவரின் எல்லா வருமானத்துக்கும் சேர்த்துத்தான். சம்பளத்துக்கு ஒன்று, வியாபாரத்துக்கு ஒன்று என்று இரண்டு நிவாரணம் கிடையாது.

இனி, விற்பனைத் தளத்தின் கணக்கறிக்கையும் வங்கிக் கணக்கும் ஏன் ஒத்துப்போவதில்லை? மூன்று காரணங்கள். தளம் தன் தரகையும் கட்டணங்களையும் பிடித்துக்கொண்டே மிகுதியை அனுப்புகிறது. திருப்பி அனுப்பப்பட்ட பொருளின் விலை கழிக்கப்படுகிறது. மார்ச் கடைசியில் விற்றதன் காசு ஏப்ரலில் வருகிறது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஆண்டு விற்பனை 30 இலட்சம். திரும்பி வந்தவை 1.5 இலட்சம். தரகும் கட்டணமும் 3 இலட்சம். ஏப்ரலில் வரவேண்டியது 50,000. இவை போக வங்கிக்கு வந்தது 25 இலட்சம். இப்படிக் கழித்துவரும்போது வங்கித் தொகையில் வந்து நின்றால் கணக்கு ஒத்துவிட்டது. நிற்காவிட்டால் எங்கோ ஒரு பதிவு விடுபட்டிருக்கிறது.

படிவத்துக்குப் போகும் விற்பனை 28.5 இலட்சம். அதிலிருந்து தரகு 3 இலட்சமும், விற்ற பொருளின் கொள்விலை 18 இலட்சமும், பொதி செய்தல் போன்ற செலவு 1 இலட்சமும் கழிந்தால் இலாபம் 6.5 இலட்சம். வேறு வருமானம் இல்லாதவருக்கு இதில் வரி இல்லை. இவரே 25 இலட்சத்தை வருமானம் என்று எழுதினால் 42,000 ரூபா வரி வரும். மறுபுறம், ஆண்டுக்கு 13 இலட்சம் சம்பளம் பெறுபவர் இதைப் பக்கத் தொழிலாகச் செய்தால் மொத்தம் 19.5 இலட்சம். அவர் 9,000 ரூபா கட்டத்தான் வேண்டும்.

இதில் அதிகம் தவறுவது கொள்விலை. ஆண்டில் வாங்கியது முழுவதும் செலவு அல்ல. ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த கையிருப்போடு வாங்கியதைக் கூட்டி, மார்ச் 31 இல் மீந்திருப்பதைக் கழிக்க வேண்டும். ஸகாத்துக்காகச் சரக்கை எண்ணும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. அதே வேலையை மார்ச் 31 இலும் செய்தால் போதும். ஆனால் மதிப்பிடும் முறை வேறு. ஸகாத்துக்குப் பெரும்பாலும் அன்றைய சந்தை விலையைப் பார்ப்போம். வரிக்கு வாங்கிய விலை, சந்தை விலை இரண்டில் குறைந்ததை எடுக்க வேண்டும். ஸகாத் பட்டியலை அப்படியே வரிக் கணக்கில் ஒட்ட முடியாது.

தையல் இயந்திரம் வாங்கிய காசை அந்த ஆண்டுச் செலவாக முழுதாகக் கழிக்க முடியாது. அது மூலதனக் கொடுப்பனவாகச் சில ஆண்டுகளுக்குப் பகிரப்படும். வீட்டுச் செலவு வியாபாரச் செலவு ஆகாது. முகநூலில் பேசி கைக்காசுக்கு விற்றதற்கு எந்தத் தளமும் அறிக்கை தராது. அதற்கு ஒரு கொப்பி வேண்டும். திகதி, பொருள், விலை, செலவு என்று நான்கு நிரல் போதும்.

இந்தியாவில் 2020 ஒக்டோபர் முதல் விற்பனைத் தளங்களே விற்பனையாளரிடம் 1 வீதம் வரி பிடித்தன. 2024 ஒக்டோபரில் அது 0.1 வீதமானது. அங்கே அது தரகு கழிக்காத முழு விற்பனைத் தொகையின் மீதே பிடிக்கப்படுகிறது. பிரித்தானியாவில் 2024 முதல் தளங்கள் விற்பனையாளர்களின் விபரங்களைச் சேகரித்து வரித் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். உலகம் இந்தத் திசையில் போகும்போது, நம் கையிலுள்ள கணக்கு தளத்தின் கணக்கோடு ஒத்திருப்பதுதான் நமக்குப் பாதுகாப்பு.

வரி இலக்கம் எடுத்தாலே வரி கட்ட வேண்டும் என்ற பயம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. அது தவறு. இலக்கம் என்பது பதிவு மட்டுமே; வரியைத் தீர்மானிப்பது இலாபம். சரியான கணக்கு இல்லாதவருக்கு, தனக்கு வரி வராது என்று நிரூபிக்கவே வழியில்லை. வங்கியில் கடன் கேட்கும் நாளிலும் அவரிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

ஆகவே ஒவ்வொரு மாதமும் தளத்தின் கணக்கறிக்கையைத் தரவிறக்கி, வங்கிக் கூற்றோடு ஒப்பிட்டு வையுங்கள். பற்றுச்சீட்டுகளை ஐந்து ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். வரி வருபவர்கள் ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15 ஆம் திகதிக்குள் தவணைகளையும், செப்டெம்பர் 30 இற்குள் மிகுதியையும் கட்ட வேண்டும். 2025/2026 ஆண்டுக்கான விபரத்திரட்டுக்கு இறுதி நாள் 2026 நவம்பர் 30. மாதம் ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் அந்த நவம்பரில் பயப்பட எதுவும் இருக்காது.