தரவுத்தள மீட்பு நெறிகளின் வரலாறு: தரவுத்தொகுதிச் சிதைவை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தரவுத்தள மீட்பு நெறிகள், கணினி இடையில் நின்றுபோவதால் நேரும் இழப்பைத் தடுப்பதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு வளர்ந்தன. எழுதப்பட்ட தரவு எவ்வித அறிவிப்புமின்றிச் சிதையக்கூடும் என்னும் உணர்வு பின்னரே வலுப்பெற்றது. இம்மாற்றத்தையும் அதனால் எழும் சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தரவுத்தளம், தரவுத்தொகுதி, சரிபார்ப்புத்தொகை, ஏரீஸ், காப்புநகல்.

முன்னுரை

எட்கர் காட் 1970இல் உறவுநிலைத் தரவு மாதிரியை முன்மொழிந்தார். ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம் ஆர் திட்டம் அதற்குச் செயல்வடிவம் தந்தது. 1979இல் ஆரக்கிள் வணிக வெளியீடாக வந்தது. பயனருக்குத் தரவு அட்டவணையாகத் தோன்றினும், வட்டில் அது நிலையான அளவுடைய தொகுதிகளாகவே எழுதப்படுகிறது. எனவே ஒரு தொகுதி சிதைந்தால் அதிலுள்ள பல பதிவுகள் ஒருசேரப் பாதிக்கப்படுகின்றன.

மீட்பு நெறியின் வளர்ச்சி

மின்வெட்டு நேர்ந்தால் பாதியில் நின்ற பரிமாற்றங்களை என்செய்வது என்பதே தொடக்கக்கால வினா. மாற்றத்தை வட்டிலுள்ள தொகுதியில் எழுதுமுன் அதன் குறிப்பைப் பதிவேட்டில் எழுதுதல் என்பது அதற்கு விடையாயிற்று. இந்நெறியை விரிவாக வகுத்த ஏரீஸ் வழிமுறை 1992இல் வெளியான கட்டுரையில் விளக்கப்பட்டது. அதன் முதலாசிரியர் சி. மோகன், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர். பகுப்பாய்தல், மீளச்செய்தல், நீக்குதல் என மூன்று கட்டங்களாக மீட்பு நிகழ்கிறது. ஒவ்வொரு தொகுதியும் தன்னை இறுதியாக மாற்றிய குறிப்பின் வரிசையெண்ணைத் தாங்கியிருப்பதால், எம்மாற்றம் வட்டைச் சேர்ந்தது என்பது புலனாகிறது. பழுதுற்ற தொகுதியைக் காப்புநகலிலிருந்து மீட்கவும் இந்நெறி இடந்தருகிறது. ஆயினும் பழுதுற்றது என முதலில் அறியவேண்டும்.

சிதைவைக் கண்டறிதல்

அதற்கான கருவி சரிபார்ப்புத்தொகை. தொகுதியை எழுதும்போது அதன் உள்ளடக்கத்திலிருந்து ஓர் எண் கணக்கிடப்பட்டு அதனுடன் சேமிக்கப்படுகிறது. படிக்கும்போது மீண்டும் கணக்கிட்டு ஒப்பிடப்படுகிறது. இதன் தேவையை 2008இல் வெளியான ஓர் ஆய்வு உறுதிசெய்தது. 15.3 இலட்சம் வட்டுகளை 41 மாதங்கள் நோக்கிய அவ்வாய்வு, 4 இலட்சத்திற்கும் மேற்பட்ட சரிபார்ப்புத்தொகை முரண்களைக் கண்டது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 2013இல் வெளியான 9.3ஆம் பதிப்பில்தான் தொகுதிகளுக்கு இவ்வசதியைச் சேர்த்தது.

பிழைச்செய்தியும் தீர்வும்

ஆரக்கிளில் 01578 என்னும் பிழைச்செய்தி, சிதைந்த தொகுதியின் கோப்பெண்ணையும் தொகுதியெண்ணையும் சுட்டுகிறது. 00600 என்பதோ உட்பிழை. மென்பொருள் தான் எதிர்பாராத நிலையைக் கண்டு நின்றது என்பதை மட்டுமே உணர்த்தும். அதன் காரணம் மென்பொருட்குறையாகவோ வன்பொருட்பழுதாகவோ சிதைவாகவோ இருக்கலாம். ஆகவே சிதைந்த தொகுதி எதற்குரியது என முதலில் துணிதல் வேண்டும். அது சுட்டுவரிசைக்குரியதாயின், அட்டவணை பழுதற்றிருக்கும்வரை மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம். அட்டவணைக்குரியதாயின் இரு வழிகள் உள. ஒன்று, காப்புநகலையும் பதிவேட்டையும் கொண்டு அத்தொகுதியை மீட்பது. மற்றொன்று, சிதைந்த தொகுதியைத் தாண்டிச் செல்லுமாறு பணிப்பது. பின்னதில் வினவல் பிழையின்றி முடியும்; ஆனால் அத்தொகுதியின் வரிகள் விடையில் இரா. பிழைச்செய்தி மறைகிறது, இழப்போ நிலைக்கிறது.

முடிவுரை

மீட்பின் வரலாறு, வட்டை நம்புவதிலிருந்து வட்டைச் சோதிப்பதை நோக்கி நகர்ந்த வரலாறு எனலாம். பிழையை உரைக்கும் தரவுத்தளத்தைவிடப் பிழையை மறைக்கும் தரவுத்தளமே ஆய்வுக்குக் கேடு விளைப்பது. சிதைவு உணரப்படாதவரை காப்புநகல்களிலும் அதுவே படியெடுக்கப்படக்கூடும். ஆதலின் காப்புநகல் வைத்திருத்தல் மட்டும் போதாது. அதனைக் காலந்தோறும் மீட்டுப்பார்த்துச் சரிபார்த்தலும் இன்றியமையாதது.