தே ஓவும் டின் பாலும்



இரத்தக் கொழுப்புக்கும் கல்லீரலுக்கும் தேநீர் நல்லதா, கெட்டதா? இதற்கு விடை தேடினால் தேயிலையைவிட டின் பாலின் வரலாற்றைத்தான் அதிகம் பார்க்க வேண்டியிருக்கிறது.

1856-இல் அமெரிக்காவில் கேல் போர்டன் என்பவர் பாலைச் சுண்டக் காய்ச்சும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சீனி சேர்த்து டின்னில் அடைத்த அந்தப் பால் வெயிலிலும் கெடாது. ஐஸ் பெட்டி இல்லாத மலாயாத் தோட்ட லயங்களுக்கு அது பெரிய வசதி. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ஒட்டுக்கடைத் தேநீர் என்றாலே டின் பால் கலந்தது என்றாயிற்று.

1917-இல் ஹென்றி போக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர், கோலசிலாங்கூர்ப் பக்கம் தென்னைமரம் தோட்டத்தில் செம்பனையை வணிகப் பயிராக நட்டார். நாட்டிலேயே அதுதான் முதல். (தோட்டத்தின் பெயர் தமிழ்ப் பெயர் என்பதைக் கவனியுங்கள்!) பிற்காலத்தில் பல டின்களில் பால் கொழுப்பின் இடத்தைச் செம்பனைக் கொழுப்பு பிடித்தது. அதைத்தான் கிரீமர் என்கிறார்கள். நம்மவர்கள் வெட்டிய பழக்குலை நம் கோப்பைக்கே திரும்பி வந்தது.

தேயிலையின் மேல் குற்றமில்லை. 2003-இல் வெளிவந்த அமெரிக்க வேளாண்மைத் துறை ஆய்வில், 15 பேர் மூன்று வாரம் நாளுக்கு ஐந்து கோப்பை கறுப்புத் தேநீர் குடித்தார்கள். கெட்ட கொழுப்பு 7 முதல் 11 விழுக்காடுவரை குறைந்தது. ஆனால் பதினைந்து பேர் என்பது சிறு கூட்டம். வேறு சில ஆய்வுகளில் இந்தப் பலன் தெரியவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுத் தே ஓ குடிக்கலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

டின்னிலோ ஏறக்குறையப் பாதி சீனி. மிஞ்சும் சீனியைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது; அதில் ஒரு பங்கு இரத்தத்தில் கலக்கிறது, ஒரு பங்கு கல்லீரலிலேயே படிகிறது. செம்பனைக் கொழுப்பில் பாதியளவு நிறைகொழுப்பு. அது கெட்ட கொழுப்பை ஏற்றும். தேயிலை இறக்குவதை டின் ஏற்றிவிடுகிறது.

கல்லீரல் என்றதும் நமக்குக் கள்ளும் சம்சுவும்தான் நினைவுக்கு வரும். 1941-இல் ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தத்தில், சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் தொழிலாளர்கள் கோரினார்கள். கள்ளைப் பகையாகக் கண்டவர்கள் டின்னை அப்படிக் காணவில்லை. பிள்ளைகளுக்கும் அதையே கலக்கிக் கொடுத்தோம்.

2019-இல் எடுத்த நாடளாவிய சுகாதாரக் கணக்கெடுப்பில், பெரியவர்கள் பத்துப் பேரில் ஏறத்தாழ நால்வருக்குக் கொலஸ்ட்ரால் மிகுதி. அதே ஆண்டு ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு வரி வந்தது. ஒட்டுக்கடையில் ஆற்றிக் கொடுக்கும் தே தாரிக்குக்கு அந்த வரி இல்லை. அங்கே "தே ஓ கோசோங்" என்று கேளுங்கள். பாலும் சீனியும் இல்லாமல் தருவார்கள்.