பள்ளிக் கல்வியில் பல்லூடகத் தயாரிப்பு: தேனி மாவட்டமும் கம்பம் பள்ளத்தாக்கும்

எழுத்து, படம், ஒலி, அசைவூட்டம், காணொளி ஆகியவற்றைக் கணினியில் ஒன்றுசேர்த்துப் படைப்பாக்கும் தொழில் பல்லூடகத் தயாரிப்பு எனப்படும். டிஜிட்டல் ஊடகத் தயாரிப்பு என்பதும் இதுவே. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் இதற்குத் தனிப் பாடம் கிடையாது. பத்தாம் வகுப்பு அறிவியல், மேல்நிலை வகுப்புகளின் கணினிப் பயன்பாடுகள், தொழிற்கல்விப் பிரிவின் கணினித் தொழில்நுட்பம் ஆகிய பாடங்களுக்குள் சில அத்தியாயங்களாக இது பிரிந்து கிடக்கிறது. தேனி, பெரியகுளம், போடிநாயக்கனூர், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என மலையடிவாரத்தில் தொடரும் ஊர்களின் பள்ளிகளிலும் இதே நிலைதான். தமிழ்த் திரைக்குப் பலரை அனுப்பிய ஒரு வட்டாரத்தில் இந்தக் கல்வி பள்ளிக்கு வெளியிலேயே வளர்ந்தது என்பது இதன் வரலாற்றில் முதன்மையான செய்தி.

தொடக்கம்

ஊடகம் பள்ளிக்குள் முதலில் வானொலியாகத்தான் வந்தது. அகில இந்திய வானொலியின் திருச்சி நிலையம் 1939 மே மாதம் தொடங்கியபின் தென் மாவட்டங்களில் தமிழ் ஒலிபரப்பு தெளிவாகக் கேட்டது. பின்னாளில் பள்ளிகளுக்கென்றே நிகழ்ச்சிகள் வந்தன. அதில் மாணவருக்குக் கேட்கும் வேலை மட்டுமே இருந்தது. ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதுவது, கையெழுத்து இதழ் நடத்துவது, விழா மேடையில் ஒலிபெருக்கி முன் நிற்பது ஆகிய மூன்றிலும்தான் அவர்கள் தாமே ஊடகத்தை உருவாக்கினார்கள். கையெழுத்து இதழில் தலையங்கம், ஓவியம், பக்க அமைப்பு எல்லாம் ஓரிரு மாணவர் கையாலேயே முடிந்துவிடும். பல்லூடகத் தயாரிப்பின் உண்மையான முன்னோடி இதுவே. பாடநூல் எதுவும் இதைக் குறிப்பிடாதது பெரிய குறை.

தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி 1978-இல் தொடங்கியபோது தொழிற்கல்விப் பிரிவும் உடன் வந்தது. பள்ளிகளில் கணினி அறிவைப் பரப்ப இந்திய அரசு 1984-இல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் தயாரித்த பிபிசி மைக்ரோ கணினிகள் தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு வழங்கப்பட்டன. தேனி அப்போது தனி மாவட்டமாக இல்லை. மதுரையிலிருந்து பிரிந்தது 1996-இல்தான். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கணினி அறிவியல் பரவலாக நுழைந்தது 1999-ஆம் ஆண்டையொட்டி, தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தின் வழியாக. அதே ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையடுத்துத் தமிழ்99 விசைப்பலகை அரசின் ஏற்பைப் பெற்றது.

2005-ஐ ஒட்டி வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலின் முதல் தொகுதி ஸ்டார் ஆபீஸ் மென்பொருளைப் பற்றியது. அதற்குள் பல்லூடகம் குறித்து ஓர் அத்தியாயம் இருந்தது. மிடி, மார்ஃபிங், வார்ப்பிங் ஆகிய சொற்களை மாணவர் முதன்முதலில் சந்தித்தது அங்கேதான். விளக்கம் எழுதினால் மதிப்பெண் உண்டு. ஒரு முகம் இன்னொரு முகமாக மாறுவதைத் திரையில் செய்து பார்க்கச் சொல்லும் பயிற்சி இல்லை.

பள்ளிக்கு வெளியே கற்றது

தமிழகத்தின் சிறு நகரங்கள் எங்கும் தட்டச்சுப் பயிற்சி நிலையங்கள் இருந்தன. 1990-களின் இறுதியில் அவற்றில் பல, தட்டச்சுப் பொறிகளை ஒரு சுவரோரம் ஒதுக்கிவிட்டுக் கணினி மையங்களாக மாறின. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்திய கணினி அலுவலகச் சான்றிதழ்த் தேர்வுக்கும் பயிற்சி தந்தன. கூடவே கணினியில் பக்கம் அமைத்து அச்சுக்குத் தயாரிக்கும் டிடிபி. கல்யாணப் பத்திரிகை, பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி, தேர்தல் நோட்டீஸ் என வேலைக்குக் குறைவில்லை. பள்ளி முடிந்து வந்து உட்காரும் மாணவர்கள் பேஜ்மேக்கர், கோரல்டிரா, போட்டோஷாப் மூன்றையும் பழகியது இத்தகைய அறைகளில்தான்.

2000-க்குப் பின் ஃப்ளெக்ஸ் பதாகை வந்தது. காதணி விழா ஃப்ளெக்ஸ் ஒன்றை வடிவமைப்பதில் அடங்கியுள்ள பாடம் சிறியதன்று. குழந்தையின் படத்தைப் பென் டூலால் ஓரம் வெட்டி எடுக்க வேண்டும். முடி உள்ள இடத்தில் கத்தரித்ததுபோல் தெரியக் கூடாது. தாய்மாமன் பெயர் எந்த இடத்தில், எந்த அளவில் வர வேண்டும் என்பதில் பிழை நேர்ந்தால் விழா வீட்டில் சண்டை வரும். அழைப்பிதழுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் தேவை. தூரத்திலிருந்து பார்க்கும் ஃப்ளெக்ஸுக்கு 72 போதும். திரையில் ஒளியால் உருவாகும் நிறம் மையாக மாறும்போது மங்கிவிடும் என்பதால் அச்சுக்குரிய நான்கு நிறக் கணக்குக்கு மாற்றிவிட்டே கோப்பை அனுப்ப வேண்டும். படிநிலை, தெளிவு, நிறம் என்ற வடிவமைப்பின் மூன்று அடிப்படைகளும் இந்த ஒரு வேலையில் வந்துவிடுகின்றன. காணொளிக்கு இதே இடத்தைத் திருமண வீடியோ தொழில் வகித்தது. முகூர்த்தத்தில் இரண்டாவது கேமராவைப் பிடிக்கப் போன பையன், வெட்டி ஒட்டும் மேசையில் உட்கார்ந்து எந்த இடத்தில் காட்சியை முடிப்பது என்று கற்றுக்கொண்டான். பெண் பிள்ளைகளுக்கு இந்த வழி பெரும்பாலும் அடைபட்டே இருந்தது. பள்ளியே இதைக் கற்பிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் இல்லை.

பாடநூல்

இன்று நடப்பில் உள்ள நூல்கள் 2018, 2019 ஆண்டுகளின் பாடத்திட்ட மாற்றத்தில் வந்தவை. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் 'காட்சித் தொடர்பு' அலகு கோப்பு, கோப்புறையில் தொடங்கி ஸ்கிராட்ச் மென்பொருளில் முடிகிறது. அம்மென்பொருளின் பூனை உருவத்தை நகர்த்தப் பழகும் மாணவர் அசைவூட்டத்தையும் நிரலாக்கத்தையும் சேர்த்தே தொடுகிறார்.

பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூலின் முதல் அத்தியாயம் முழுக்கப் பல்லூடகம். ராஸ்டர், வெக்டர் படங்களின் வேறுபாடு, கோப்பு வகைகள் ஆகியவற்றுக்குப் பின் தயாரிப்பின் படிநிலைகளும் குழுவின் பொறுப்புகளும் வருகின்றன. தயாரிப்பு மேலாளர், உள்ளடக்க வல்லுநர், கதை எழுத்தாளர், உரைத் திருத்துநர், வரைகலைஞர், ஒலி-ஒளி வல்லுநர், நிரலர் என்று குழுவின் ஒவ்வொருவர் வேலையையும் தனித்தனியே விளக்கும் பகுதி அந்நூலின் மிகச் சிறந்த பக்கங்களில் ஒன்று. ஒரு படைப்பு பலர் உழைப்பால் ஆவது என்பதைப் பள்ளிப் பாடநூல் இவ்வளவு தெளிவாகச் சொல்வது அரிது. அடுத்த அத்தியாயம் பேஜ்மேக்கர். பக்கத்தை வடிவமைப்பது, அறிவிப்பு தயாரிப்பது முதலியவை செய்முறைத் தேர்வுக்கு உரியவை.

ஆல்டஸ் நிறுவனம் 1985-இல் வெளியிட்ட பேஜ்மேக்கர் 1994-இல் அடோபியின் கைக்கு வந்தது. கடைசிப் பதிப்பான 7.0 வெளியானது 2001-இல். அதாவது 2019-இல் அச்சான நூல் பதினெட்டு ஆண்டு முந்தைய மென்பொருளைக் கற்பித்தது. தொழிற்கல்விப் பிரிவின் கணினித் தொழில்நுட்ப நூலில் இடம்பெற்ற ஃபிளாஷ் அசைவூட்ட மென்பொருளுக்கும் இதே கதிதான். உலாவிகளில் ஃபிளாஷ் இயங்குவதற்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31-உடன் நிறுத்திக்கொண்டது. கருவி பழையதானாலும் பக்க அமைப்பின் இலக்கணம் மாறாது என்று வாதிடுவோர் உண்டு. தமிழைப் பொறுத்தவரை அந்த வாதம் நிற்காது. பேஜ்மேக்கர் ஒருங்குறியை (யூனிகோட்) அறியாத மென்பொருள். அதில் தமிழ் வர வேண்டுமென்றால் டாம், டாப், பாமினி போன்ற பழைய குறியேற்ற எழுத்துருவில் தட்டச்சு செய்ய வேண்டும். கைபேசியில் எழுதிய தமிழ் வரியை எடுத்து ஒட்டினால் எழுத்து சிதறிவிடும். கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூனிலேயே தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டுவிட்டது. மாணவர் தம் கைபேசியில் அன்றாடம் எழுதும் தமிழுக்கும் தேர்வு அறையில் எழுதும் தமிழுக்கும் இடையே இந்தச் சுவர் இருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, கணினிப் பயன்பாடுகள் வணிகவியல் பிரிவினர் எடுக்கும் பாடம். அறிவியல் பிரிவினரின் கணினி அறிவியல் நூல் பைத்தானுக்குப் போய்விடுகிறது. எனவே பொதுப் பிரிவுகளில் கணக்குப்பதிவியலோடு சேர்த்துப் படிப்பவருக்கே பல்லூடகம் கிட்டுகிறது.

வட்டாரமும் திரையும்

அல்லிநகரத்துப் பாரதிராஜா, பண்ணைப்புரத்து இளையராஜா, கங்கை அமரன், வடுகபட்டி வைரமுத்து, இயக்குநர் பாலா, ஒளிப்பதிவாளர் தேனி ஈஸ்வர் ஆகியோர் இம்மாவட்டத்தவர். இவர்களில் முன்னோடிகள் யாருக்கும் பள்ளியில் ஊடகம் கற்பிக்கப்படவில்லை. இளையராஜாவின் பயிற்சிக்கூடம் அண்ணன் பாவலர் வரதராஜனின் கச்சேரி மேடை. கோம்பையைச் சேர்ந்த லெனின் பாரதி இயக்கி 2018-இல் வெளியான 'மேற்குத் தொடர்ச்சி மலை', ஏலக்காய் மூட்டை சுமந்து மலை ஏறி இறங்கும் கூலித் தொழிலாளியின் வாழ்வைச் சொன்னது. மலைக்குக் கூலிக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கதையும் படமாகத் தகும் என்று கண்டுகொள்ள இந்த ஒரு படம் போதும். மேல்நிலைப் பள்ளிகளில் இதைப் பாடமாகவே வைக்கலாம்.

படத்தின் பலத்தைக் கம்பம் பள்ளத்தாக்கு வேறு விதத்திலும் அறிந்தது. 2011 நவம்பரில் 'டேம் 999' என்ற படம், இப்பள்ளத்தாக்குக்கு நீர் தரும், கேரளத்திலுள்ள முல்லைப் பெரியாறு அணை உடையும் என்ற வீண் அச்சத்தைத் தூண்டுவதாக எதிர்ப்பு எழுந்து, தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதம் அணைப் பிரச்சினையில் கம்பம், கூடலூர் மக்கள் பல்லாயிரக்கணக்கில் கேரள எல்லையை நோக்கி நடந்தனர். அணை பலமானது என்பதை 2014 மே மாதத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஏற்று, 142 அடிவரை நீர் தேக்க அனுமதித்தது. ஒரு காட்சி எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் பயிற்சி இப்பகுதிப் பள்ளிகளுக்கு எவ்வளவு தேவை என்பதை அந்த மாதங்கள் காட்டின.

பிற இடங்களில்

இலங்கையில் க.பொ.த. (கல்விப் பொதுத் தராதரப் பத்திர) சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் தனிப் பாடம். தமிழ் மொழியிலேயே தேர்வு எழுதலாம். இந்தியாவின் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குப் பல்லூடகத்தையும் மேல்நிலைக்கு வெகுஜன ஊடகவியலையும் திறன் பாடங்களாக வைத்துள்ளது. தமிழக மாநிலப் பாடத்திட்டம் இதில் பின்தங்கி நிற்கிறது.

இன்றைய நிலை

2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் பல குடும்பங்களுக்கு முதல் கணினியைத் தந்தது. 2019 ஆகஸ்ட் 26-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. கொரோனா காலத்தில் ஆசிரியர்களே காணொளிப் பாடம் எடுக்கப் பழகினர். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் உள்ளன. கணினிகள் உண்டு, ஆனால் ஒளிப்படக் கருவியும் ஒலிவாங்கியும் பாடத்திட்டம் கேட்கும் பொருள்களாக இல்லை. 2022-23 கல்வியாண்டில் 6 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்கு 'தி ரெட் பலூன்' போன்ற சிறார் படங்கள் திரையிடப்பட்டு, பார்த்தபின் கலந்துரையாடல் நடத்தப்பட்டது. மாணவர் எழுத்துக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 'தேன்சிட்டு' இதழ் இடம் தருகிறது. பள்ளி முடித்தோர் காட்சித் தொடர்பியல் படிக்கப் பெரும்பாலும் மதுரைக்கும், திரைத்தொழில் படிக்கத் தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்துக்கும் செல்கின்றனர்.