ஆட்ட முடிவுக்கு விலை: விளையாட்டு முன்கணிப்புச் சந்தைகளை அளக்க இரண்டு கேள்விகள்

இந்தியச் சூதாட்ட வழக்குகள் நெடுங்காலமாக ஒரே கேள்வியைச் சுற்றி வந்திருக்கின்றன: ஆட்டத்தில் மேலோங்குவது திறமையா, அதிர்ஷ்டமா? கே. ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் (1996) குதிரைப் பந்தயத்தைத் திறமை ஆட்டமாக உச்ச நீதிமன்றம் ஏற்றது. விளையாட்டு முன்கணிப்புச் சந்தைக்கு இந்த அளவுகோல் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஆபத்து முன்பே இருந்ததா? முடிவை மாற்றும் கை யாருடையது? கேட்க வேண்டியவை இவ்விரண்டே.

சந்தை இயங்கும் முறை எளிது. ‘சென்னை வெல்லுமா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’, ‘இல்லை’ என இரு ஒப்பந்தங்கள். 2025 தடைக்கு முன்பு புரோபோ போன்ற இந்தியத் தளங்களில் இரண்டின் விலையும் சேர்ந்து 10 ரூபாயாக இருந்தது. ‘ஆம்’ 6 ரூபாய்க்குப் போனால் ‘இல்லை’ 4 ரூபாய். சென்னை வென்றால் ‘ஆம்’ வாங்கியவருக்கு 10 ரூபாய், தோற்றால் ஒன்றுமில்லை. தளத்தின் கட்டணத்தை ஒதுக்கிவிட்டால், வெற்றி வாய்ப்பை 60 விழுக்காடாகச் சந்தை மதிக்கிறது எனலாம். ஆடுகளத்தின் தன்மையையோ வீரரின் காயத்தையோ அறிந்தவர் வாங்கும்போதும் விற்கும்போதும் விலை நகரும். பலரிடம் சிதறிக் கிடக்கும் அறிவை விலை திரட்டித் தருகிறது என்று பொருளியலாளர் ஹாயெக் 1945இல் எழுதியதே இதன் கோட்பாட்டு அடிப்படை. 1988இல் தொடங்கிய அயோவா மின்னணுச் சந்தை அதைத் தேர்தல் களத்தில் சோதித்தது.

திருப்பனந்தாள் பகுதியின் சம்பா சாகுபடியை இதனருகே வைத்துப் பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழையில் பயிர் மூழ்கும் ஆபத்து, காப்பீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் விவசாயியின் தலைமேல்தான் நிற்கிறது. 2016இல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் அதைப் பங்கிட்டுக்கொள்கிறது. பரவலான மகசூல் இழப்பு தனி வயலை வைத்து அளக்கப்படுவதில்லை. அறிவிக்கப்பட்ட பகுதியில் நடத்தும் பயிர் அறுவடைப் பரிசோதனைகளின் சராசரியே கணக்கு. தன் வயலை மட்டும் கவனியாமல் விட்டு ஒருவர் இழப்பீட்டை வரவழைக்க முடியாது.

கிரிக்கெட்டில் இரண்டும் தலைகீழ். ஒப்பந்தம் வாங்குவதற்கு முன் வாங்குபவருக்கு எந்த ஆபத்தும் இல்லை. ஒப்பந்தமே அதை உண்டாக்குகிறது. முடிவோ சிலர் கையில் இருக்கிறது. 2013 ஐபிஎல் தொடரில், குறிப்பிட்ட ஓவரில் பேசிவைத்த அளவு ரன் கொடுத்ததாகப் பந்துவீச்சாளர்கள் மீது குற்றச்சாட்டு எழுந்தது. அணி நிர்வாகத்தோடு தொடர்புடையவர்களின் பந்தயத்துக்காகச் சென்னை, ராஜஸ்தான் அணிகளை உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு 2015இல் ஈராண்டு இடைநீக்கம் செய்தது. கேள்வி ஆட்டத்திலிருந்து ஓவருக்கும் பந்துக்கும் சுருங்கச் சுருங்க, அதை மாற்றத் தேவையான கைகளும் குறைகின்றன. அங்கே விலை அறிவைத் திரட்டுவதில்லை; அறிவை மறைப்பவருக்குக் கூலி தருகிறது.

விலையின் திடீர் ஏற்ற இறக்கம் மோசடியைக் காட்டிக்கொடுக்கும், தடையோ கணக்கில்லாக் கள்ளப் பந்தயத்தை வளர்க்கும் என்பது வலுவான மறுப்பு. முதல் பாதி உண்மை. ஆனால் சந்தையே ஆசை காட்டி வளர்க்கும் குற்றத்தைச் சந்தையே கண்டுபிடிப்பது அதன் இருப்புக்கு நியாயமாகாது. இரண்டாம் பாதிக்கு விடை காவல்துறையின் விழிப்பே.

அமெரிக்காவில் கால்ஷி என்ற முன்கணிப்புச் சந்தை 2025இல் விளையாட்டு ஒப்பந்தங்களைத் தொடங்கியது. இந்தியாவில் அதே ஆண்டு ஏப்ரலில், புரோபோ போன்ற தளங்கள் தன் வரம்புக்குள் வாரா என்று பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி எச்சரித்தது. ஆகஸ்டில் நிறைவேறிய இணைய விளையாட்டுச் சட்டம், திறமை, அதிர்ஷ்டம் என்ற பாகுபாடின்றிப் பண ஆட்டங்களைத் தடைசெய்தது. பழைய அளவுகோலைக் கைவிட்டது சரி. அதன் இடத்தில் புதியது வேண்டும். அதற்கான வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது: பண்டக டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களுக்கு அனுமதிக்கப்பட்டவற்றின் பட்டியலில் 2024இல் வானிலை சேர்க்கப்பட்டது. மழை ஒப்பந்தம் நம் இரு கேள்விகளிலும் தேறுகிறது: ஆபத்து முன்பே இருக்கிறது, மழையை யாரும் விலைக்கு வாங்க முடியாது. முன்கணிப்புச் சந்தைக்கு உரிய இடம் அதுதான்.